இளவழகன் ஒட்டிய முனை

"மேக்க மானம் இருட்டிக் கெடக்கு, மலரு! தண்ணி வந்தா இந்தப் பள்ளத்துல நாமளும் போய்ச் சேர வேண்டியதுதான்!" என்று கத்தினான் ஆரோக்கியம்.

மலர்க்கொடி நிற்கவில்லை. அண்ணன் இளவழகன் காணாமல் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. அரியலூர்ச் செம்மண் பள்ளங்களில் அவனை எங்கே என்று தேடுவது? பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

எல்லாம் ஒரு பல்லால் வந்த வினை! இந்தப் பள்ளங்களில் கிடைத்த, கல்லாகிப் போன சுறாப்பல் ஒன்று; முனை உடைந்திருந்தது. இளவழகன் பிளாஸ்டரில் முனை செய்து ஒட்டி, சாயம் பூசி, ஊர்க் கண்காட்சிக்குத் தயாராக வைத்திருந்தான். அவள் லென்ஸில் பார்த்துவிட்டு, "தப்புண்ணா. நெசப் பல்லுல ஓரத்து ரம்ப முள்ளு நுனிக்குப் போகப் போகப் பொடிசாவும். நீ ஒரே அளவா செதுக்கியிருக்க. முனையும் ஒருபக்கமா சாஞ்சிருக்கணும்" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா! அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒட்டிய முனையைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டான். "நெச முனையத் தேடி எடுத்தாந்து, ரெண்டையும் ஒண்ணா வச்சுக் காட்டுறேன் பாரு!" என்று கிளம்பியவன்தான்.

அவனுடைய கூட்டாளி ஆரோக்கியம் மட்டும் கயிற்றோடு அவள்கூட வந்தான். அவனும் இப்போது சோர்ந்துவிட்டான்.

"ஏறிடலாம் தங்கச்சி..." என்று அவள் கையைப் பிடித்தவன், சட்டெனக் குனிந்தான். "அட! சுறாப்பல்லு முனை!"

பறித்து லென்ஸை வைத்தாள். முட்கள் அத்தனையும் ஒரே அளவு! அண்ணன் செய்த தப்பு, அப்படியே.

"அவன் வச்ச முனைதாண்ணே!"

"அப்ப... காலையில பேஞ்ச மழை அவனையும்..." ஆரோக்கியம் பள்ளம் போகும் திசையைப் பார்த்தான்.

 மலர்க்கொடி முனையைத் தேய்த்தாள். உடைந்த பக்கத்திலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"இல்லண்ணே! தரையெல்லாம் சேறு, இது மட்டும் காஞ்சிருக்கு. இப்பத்தான் விழுந்திருக்கு. மேலேருந்து!"

அண்ணாந்து பார்த்தார்கள். இருபதடி உயரத்தில் ஒரு பாறைப் பொந்து. அதிலிருந்து ஒரு கை அசைந்தது!

விழுந்தடித்துக் கரையேறினார்கள். கருவேல மரத்தில் கயிற்றைக் கட்டி ஆரோக்கியம் இறங்கினான். கால் முறிந்து கிடந்த இளவழகனை முதுகில் கட்டிக்கொண்டு அவன் ஏற, உள்ளங்கை உரிய உரிய மலர்க்கொடி இழுத்தாள். மூவரும் மேலே வந்து விழுந்த சற்று நேரத்தில், செந்தண்ணீர் பள்ளத்தை அடைத்துக்கொண்டு ஓடியது.

இளவழகனுக்குக் குரலே எழும்பவில்லை. மூடியிருந்த கையைத் திறந்தான். உண்மையான முனை! ஒருபக்கமாகச் சாய்ந்து, நுனியில் பொடி முட்களோடு இருந்தது.

"கத்த முடியல... ரெண்டுல எத வீசுறதுன்னு யோசிச்சேன்..."

"உசிரு போற நேரத்துல யோசனை வேறயா உனக்கு!" என்று அழுதுகொண்டே அவன் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

கண்காட்சியில் இரண்டு முனைகளும் அருகருகே இருந்தன. அட்டையில் இளவழகன் தன் கையாலேயே எழுதியிருந்தான்: 'இடது: நான் செய்தது, தவறு. வலது: தங்கை சொன்னது.'