சுவரில் விழுந்த கடல்

மீன் வாங்க வருகிறவர்கள் மீனைத்தான் கேட்பார்கள். அந்தச் சனிக்கிழமை முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்த நிரோஜா மட்டும் மீனின் கண்ணைக் கேட்டார்.

“என்ன பிள்ளை, கண் மட்டுமோ? மீன் வேண்டாமோ?” என்று மீன் விற்ற தோமஸ் இரண்டாம் முறையும் கேட்டார்.

“கண் மட்டும் காணும் அண்ணை, மீன் வேண்டாம். சூரை மீன்ர கண் எண்டால் நல்லது.”

தோமஸ் சிரித்துக்கொண்டே சூரைத் தலைகளை வாளியில் போட்டுக் கொடுத்தார். “நாளைக்கு ஆரும் வந்து செதிலைக் கேட்டாலும் கேப்பினம்” என்றார்.

நிரோஜா ஒரு விஞ்ஞானி. கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் வில்லை எந்தெந்தப் புரதங்களால் ஆனது என்று ஆராய்வதுதான் அவருடைய வேலை. இதைக் கேட்டதும் தோமஸின் மகள் ஆன்சலா ஓடிப்போய், தங்கள் வீட்டு முன்னறை மேசையை ஒதுக்கிக் கொடுத்தாள். அவளுக்குப் பத்து வயது. எதையும் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அவளுக்கு நித்திரை வரும்.

நிரோஜா சின்னக் கத்தியால் ஒரு கண்ணைக் கீறினார். உள்ளேயிருந்து உருண்டையாக ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. தண்ணீரையே உருட்டி வைத்தது போல அவ்வளவு தெளிவு.

“முத்து!” என்றாள் ஆன்சலா.

“இதுதான் வில்லை. மீனுக்கு உருண்டை, எங்களுக்குக் கொஞ்சம் தட்டை. இதுக்குள்ளால பாருங்கோ.”

ஆன்சலா அதை வாசல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். கடல் மேலே இருந்தது. வானம் கீழே கிடந்தது. படகுகள் வௌவால்களைப் போலத் தலைகீழாகத் தொங்கின.

“எங்கட வில்லையின்ர நடுவில இருக்கிற புரதம், நாங்கள் அம்மான்ர வயித்துக்குள்ள இருக்கேக்க செய்தது” என்றார் நிரோஜா. “வயசு போனாலும் அதேதான். பிறகு மாறாது.”

ஒன்றையுமே பார்க்க முதல், பார்ப்பதற்கான முத்து அந்த இருட்டுக்குள் இருந்தபடியே தயாராகிவிட்டதாம்! நினைக்க நினைக்க ஆன்சலாவுக்குத் தான் மிதப்பது போல இருந்தது.

வாசற்படியில் தம்பி மெல்ரொன் நின்றான். ஏழு வயது. பிறந்தபோதே அவனுடைய இரண்டு வில்லைகளும் பால் போல வெளுத்திருந்தன. கைக்குழந்தையாக இருந்தபோது டொக்டர்மார் அவற்றை எடுத்துவிட்டார்கள். அதனால் தடித்த கண்ணாடி போட்டால்தான் அவனுக்குத் தெளிவாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாரோ ‘போத்தல்கண்ணன்’ என்று பெயர் வைத்த நாளிலிருந்து, அந்தக் கண்ணாடி அவன் மூக்கில் இருந்ததை விடச் சட்டைப் பைக்குள் இருந்ததுதான் அதிகம்.

நிரோஜா மற்றக் கண்களையும் கீறி, முத்துக்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். “இன்னும் கொஞ்சத் தலை வாங்கிக்கொண்டு வாறன். பெட்டியைப் பாத்துக்கொள்ளுங்கோ” என்று ஆன்சலாவிடம் சொல்லிவிட்டுக் கரைக்குப் போனார்.

ஆன்சலா வாளியைக் கழுவப் போய்த் திரும்புவதற்குள் மெல்ரொனின் குரல் கேட்டது.

“அக்கா! முத்தெல்லாம் அவிஞ்சு போச்சு!”

ஆன்சலா ஓடி வந்தாள். தெளிவாக இருந்த முத்துக்கள் அவித்த மீனின் கண்ணைப் போல வெள்ளையாகக் கிடந்தன.

“என்ன செய்தனீ?”

“ஒண்டுமில்லை. திறந்து பாத்தனான், அவ்வளவுதான்.” அவன் ஒரு முத்தை எடுத்து உள்ளங்கைக்குள் பொத்தினான். “பாவம், நல்லாக் குளிருது அதுக்கு.”

“வை அதை! அன்ரி வந்தால் என்ன சொல்லுறது?”

மெல்ரொன் வைக்கவில்லை. பொத்திய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்ல விரித்தான்.

முத்து பழையபடி தெளிந்திருந்தது.

அவன் அதை மூக்கு முட்டுமளவு கிட்டப் பிடித்துப் பார்த்தான். பிறகு மிக மெதுவாகக் கேட்டான்.

“அக்கா, என்ர கண்ணும் இப்பிடித்தானே வெள்ளையா இருந்தது? அப்ப ஆராவது பொத்தி வைச்சிருந்தால்…”

“அன்ரியைக் கேப்பம்” என்றாள் ஆன்சலா.

திரும்பி வந்த நிரோஜாவிடம் அவன் அதே கேள்வியைக் கேட்டான். அவர் நிலத்தில் அவனுக்கு நேரே உட்கார்ந்தார்.

“இந்த மீன்ர வில்லை குளிரில வெளுக்கும், சூடு பட்டால் தெளியும். உங்கட வில்லை வெளுத்தது குளிரால இல்லை, ராசா. புரதம் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போச்சு. ஒட்டினதைத் திருப்பிப் பிரிக்கிற வழி எனக்கும் தெரியாது. அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறன்.”

மெல்ரொன் சட்டைப் பைக்குள் இருந்த கண்ணாடியை எடுத்து மேசையில் போட்டான்.

“மீனுக்கெண்டாலும் முத்து இருக்கு. எனக்கு ஒண்டுமில்லை.”

அறையின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக் குந்திக்கொண்டான். நிரோஜா எழுந்து கத்தியைக் கழுவ முற்றத்துக்குப் போனார்.

ஆன்சலா கண்ணாடியை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள். தம்பிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். அவன் வாங்குவான் என்று நீட்டிய கண்ணாடியைச் சுவருக்குக் கிட்டப் பிடித்தபடி இருந்தாள்.

அப்போதுதான் சுவரில் ஏதோ அசைந்தது.

வெளியே நல்ல வெயில். அறைக்குள் அரையிருட்டு. கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், கலங்கியது. கிட்டக் கொண்டுவந்தாள், தெளிந்தது. வாசலும் வாசலுக்கு அப்பாலிருந்த கடலும், தீப்பெட்டியை விடச் சின்னதாக, இரண்டு படங்களாய்ச் சுவரில் மிதந்தன. கடல் மேலே, வானம் கீழே.

“தம்பி,” அவள் குரல் தானாகத் தணிந்தது, “சுவரைப் பார்.”

மெல்ரொன் சுவரில் மூக்கை வைக்காத குறையாகக் குனிந்தான்.

“நீலமாத் தெரியுது… ஏதோ ஆடுது. படகோ?”

“படகுதான். தலைகீழா நிக்குது.”

“வடிவாத் தெரியேல்லை. கண்ணாடியைத் தா அக்கா!”

கொடுத்தாள். அவன் அவசரமாகப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான். வெறும் சுண்ணாம்புச் சுவர்.

“எங்க கடல்? காணேல்லையே!”

“நீதான் எடுத்துப்போட்டாய்” என்று சிரித்தாள் ஆன்சலா. “சுவரில படம் போட்டது உன்ர கண்ணாடி. மீன்ர முத்து செய்யிற அதே வேலை. இப்ப அந்தப் படத்தை உன்ர கண்ணுக்குள்ள போடுது. எங்களுக்கு முத்து உள்ளுக்கு. உனக்கு வெளியில, அவ்வளவுதான்.”

மெல்ரொன் கண்ணாடியைக் கழற்றிச் சுவருக்குக் கிட்டப் பிடித்தான். கடல் வந்தது. போட்டான். கடல் போனது. கழற்றினான், போட்டான். பிறகு மெதுவாக வாசல் பக்கம் திரும்பினான்.

திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். அலை, அலைக்குப் பின்னால் அலை. தூரத்துப் படகில் யாரோ வலையை உதறினார்கள். உதறிய துளிகள்கூட மினுங்கின.

பக்கத்து வீட்டு ரூபன் வாசலில் தலையை நீட்டினான். “சுவரில கடல், கண்ணாடி போட்ட படம் எண்டெல்லாம் கதைச்சது கேட்டுது. எனக்கும் காட்டடா! கண்ணாடியைக் கழட்டு!”

மெல்ரொன் கண்ணாடியை விரலால் மூக்கின் மேல் தள்ளி இறுக்கிக்கொண்டான்.

“காட்டுறன். கொஞ்சம் பொறு, நான் பாத்து முடியேல்லை.”