ஒப்புவிளக்கு

காலையில் மீன் கழுவும்போதெல்லாம் அமலோற்பவம் தன் எதிரியின் உரையைப் பேசிப் பழகினாள். முதலில் பயம், அப்புறம் கடல் ஏறிய அளவு, கடைசியில் கோரிக்கை. ஒரு மாதமாக இதே பாடுதான். நாத்தனார் வியாகுலத்துக்குப் பொறுக்கவில்லை.

“மைனி, நீ எங்களுக்காவ பேசப் போறியா, அவனுக்காவவா?”

வேறு வழியில்லை. சொல்லாக்கிக் கருவிகள் எழுதும் உரை யாரையும் தலையாட்ட வைத்துவிடும் என்றான பிறகு, வழக்குத் தீர்க்கும் அவைகளில் கருவிக்கே இடமில்லை. எதிராளியின் நியாயத்தை முதலில் உன் வாயால் சொல்ல வேண்டும். அவர் திருப்தியாகி ஒப்புவிளக்கை ஏற்றினால்தான் உன் பக்கம் பேச மூன்று நிமிடம். மூன்று முறை தவறினால் உன் கோரிக்கை தள்ளுபடி.

அவர்கள் ஊரான மணல்துறையைக் கடல் தின்றுகொண்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை ஐந்து ஊர்களுக்குப் பிரித்து அனுப்ப வேண்டும் என்பது மீள்குடியேற்ற அதிகாரி சங்கரலிங்கத்தின் கோரிக்கை. ஊர் சார்பில் பேச வேண்டியவள் அமலோற்பவம்.

அவையில் ஊரின் நியாயத்தைச் சொல்ல அவர்தான் முதலில் எழுந்தார். “பாதிக்கப்படும் அலகுகள்” என்று தொடங்கினார். அவள் விளக்கைத் தொடவில்லை. இரண்டாம் முறை வாழ்வாதாரம் என்றார். ஊஹும். மூன்றாம் முறை குறிப்புத்தாளை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

“படகு திரும்பலேன்னா ஊரே கரையில வந்து நிக்கும். அஞ்சு ஊராப் பிரிஞ்சா, அன்னைக்கு இவங்க பக்கத்துல யாரு நிப்பா?”

பின்வரிசையிலிருந்து வியாகுலம் வேண்டாம், வேண்டாம் என்று தலையசைத்தாள். விளக்கு எரியாவிட்டால் ஊர் பிழைத்தது! ஆனால் மனுஷன் சொன்னது அப்பட்டமான உண்மை. பொய் சொல்ல அவளுக்குக் கை வரவில்லை. ஏற்றினாள்.

அவர் தன் மூன்று நிமிடத்தை முடித்ததும், அவர் நியாயத்தை அவரைவிட நன்றாகவே அவள் எடுத்துச் சொன்னாள். வருகிற ஐப்பசிக்குள் மாதா கோயில் படிவரை கடல் வந்துவிடும் என்றபோது அவள் குரல் பிசிறவில்லை. அவர் உடனே விளக்கை ஏற்றினார். அடுத்து அவளுடைய மூன்று நிமிடம். அவளுக்கு அரை நிமிடமே போதுமாயிருந்தது.

“நாங்க போறோம். ஆனா எல்லாரும் ஒரே ஊருக்கு. பக்கத்து வீட்டுக்காரி பக்கத்து வீட்லயே இருக்கணும். அஞ்சாப் பிரிச்சா ஒருத்தரும் அசைய மாட்டோம்.”

சங்கரலிங்கம் தன் கோரிக்கையை அங்கேயே திருத்தி, ஒரே ஊர் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள், வியாகுலம் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அமலோற்பவத்துக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மணல்துறை இனி இல்லை என்பதை ஊரில் முதலில் சொன்ன வாய் அவளுடையது.