உழைப்புமானி

மணிக்கட்டில் கட்டியிருந்த உழைப்புமானியின் பச்சை விளக்கு மறுபடியும் அணைந்துவிட்டது. பூங்கனி காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தாள். வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட பட்டுப்புடவைகளை மடித்தாள், அடுத்தவருக்கு முந்தானையை விரித்துக் காட்டினாள், மயில்கழுத்து நிறம் உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று வாய் ஓயாமல் சொன்னாள். அதெல்லாம் வேலை இல்லையாம்.

சட்டம் அப்படி. கால் நின்ற நேரம் கணக்கில் வராது. மூளை முனைந்த நேரம்தான் வேலை நேரம். சட்டம் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். சேவைத் துறையில் வேலை நேரம் வருடாவருடம் குறைகிறது என்று செய்தியில் வரைபடம் காட்டினார்கள். துணிக்கடை மட்டும் எப்போதும் மூடும் நேரத்துக்குத்தான் மூடியது. அந்த வரைபடத்தின் மேல் பூங்கனிக்கு அப்போதே சந்தேகம்.

இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பேறுகால விடுப்பு முழுநேர ஊழியருக்குத்தான் உண்டு. மானியின் கணக்கில் அவள் அரைநேர ஊழியர்கூட இல்லை. விடுப்பில்லாமல் பிள்ளை பெறப் போனால் திரும்பி வர வேலை இருக்காது.

எதிர்ப்பக்கம், புதிதாகச் சேர்ந்த மைமூன் ஒரு புடவையை மடிக்கத் தெரியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் விளக்கு பெரும்பாலும் எரிந்துகொண்டே இருந்தது.

"ஏட்டி, சேந்த புதுசுல மானி இதைவிட அதிகமா ஓடிச்சா?" என்று பூங்கனி கேட்டாள்.

"ஆமாக்கா. இப்ப கொறையுது. மெஷின் கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. உனக்குக் கை பழகுது."

கை பழகினால் மூளை ஒதுங்கிக்கொள்கிறது, மானி அணைகிறது. தொழில் தெரிந்தவள் சோம்பேறி ஆகிறாள். பூங்கனி இடக்கையால் மடித்துப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. பாழாய்ப்போன இடக்கையும் சில வாரங்களில் பழகிவிட்டது.

கடைசியில் விடுப்பு மனுவோடு தளப் பொறுப்பாளர் தங்கமாரியப்பனிடம் போனாள். அவள் பேசி முடிப்பதற்குள் விதி இடம் கொடுக்காது என்றார். அவர் மணிக்கட்டிலும் மானி இருந்தது. அது எரியவே இல்லை.

"சார், உங்களுக்கும் ஓடலையே."

"என்னது?"

"முடியாதுன்னு சொல்லிச் சொல்லி உங்களுக்கும் பழகிட்டு. மெஷின் அதை வேலைன்னு எடுத்துக்கல. உங்க கணக்கைப் பாருங்க, நீங்களும் முழுநேரம் கெடையாது."

அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு மனுவைக் கையில் வாங்கி, முதல் வரியிலிருந்து படித்தார். விளக்கு எரிந்தது.

"யோசிக்கிறேன்மா," என்றார். குரலில் மரியாதை இருந்தது. பூங்கனிக்கு அதுதான் உறுத்தியது.

மறுநாளும் யோசித்தார். அவளைக் கூப்பிட்டு வைத்து, டாக்டர் என்ன சொன்னார், பிரசவத்துக்குத் தென்காசி போவாளா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். விரைவில் அந்தக் கடையிலேயே அதிக நேரம் உழைப்பவர் அவர்தான் என்று ஆனது. மற்றக் கடைப் பொறுப்பாளர்கள் வந்து அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். ஊரெங்கும் விடுப்பு மனுக்கள் தீவிரமாக யோசிக்கப்பட்டன. செய்தியில் வரைபடம் முதல் முறையாக மேலே ஏறியது.

ஒன்பதாம் மாதம், நிற்க முடியாமல் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு பூங்கனி கேட்டாள்: "உண்டா இல்லையா, ஒண்ணு சொல்லிருங்க சார்."

தங்கமாரியப்பன் மனுவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முடிவு பண்ணிட்டா, அப்புறம் யோசிக்க என்னம்மா இருக்கு?"