மடிப்புக்குள் இரண்டு பறவைகள்

செங்குடியில் பொழுது விடிந்ததும் தாய்மார் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் கழுத்தைத்தான். காற்றுத் தரும் மூச்சுப்பட்டையில் பச்சைப் புள்ளி எரிந்தால் அன்றைய காற்று வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகுதான் பல்துலக்கல், பால், பள்ளி எல்லாம். செவ்வாயின் தரைக்கடியில் குடைந்த ஊருக்கு அதுவே வழக்கம். பிள்ளையில்லாதவர்கள் வாங்கி வளர்க்கும் ஒப்புருக்களும் அதே பட்டையோடு அதே வகுப்பில்தான் படித்தன. மூச்சுவிடுவதுபோல் செய்யப்பட்ட இயந்திரப் பிள்ளைகள். எது பெற்றது, எது வாங்கியது என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

அன்று குமுதவல்லி பச்சைப் புள்ளியை மறுபடி மறுபடி பார்த்தாள். மகள் நிறைமதிக்கு மைத்தேர்வு.

அந்த ஆண்டு காற்றுக்குப் பஞ்சம். காற்றைப் பங்கிடும் இயந்திரமான கணிப்பான், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முந்தின நாள்தான் இந்தத் தேர்வைத் தொடங்கியது. தாளில் மை விட்டு, மடித்து, விரித்து, தெரிவதைச் சொல்ல வேண்டும். விடையை மட்டும் அது வெளியே ஒலிபெருக்கியில் அறிவிக்கும். தேர்வு எதற்கென்று சொல்லவில்லை. முதல் நாள் போனவன் பக்கத்து வீட்டு எழிலன் ஒருவன்தான். "ரெண்டு தலை ஆனை" என்றான். அவன் திரும்பவில்லை. மாலைக்குள் அவன் பெற்றோரும் காணாமல் போனார்கள். வீடு திறந்தபடி கிடந்தது. தட்டில் பாதிச் சோறு.

"இல்லாததப் பாக்குறவங்களக் கழிச்சுக் கட்டுது," என்றார் எதிர்வீட்டுச் சற்குணம். "வெளிய யாரோ கூப்புடுறாங்கன்னு ஒருத்தன் போன வருசம் கதவத் தொறந்து ஒரு தெருவையே கொன்னான்ல? அதான். பேசாம மைன்னு சொல்லச் சொல்லு வல்லி. அது வெறும் மை. அதுல என்ன பொய் இருக்கு?"

ஊர் முழுதும் அந்த விடை பரவிவிட்டது.

நிறைமதிக்கு அது விளையாட்டு. சுவர்த்துருவை எண்ணெயில் குழைத்து அவளே சாயம் செய்வாள். "ஈரத் தாள்ல விட்டா மேகம் வரும்மா. நூல நனச்சு உள்ள வச்சு இழுத்தா இறகு வரும்."

"என்ன தெரியுது?" முந்தின இரவே ஒரு கறையைக் காட்டிக் கேட்டாள் குமுதவல்லி.

"மீச வச்ச மீனு."

"இல்ல. மை."

"சிரிக்குதும்மா அது!"

குமுதவல்லி முதன்முறையாக மகளை அடித்தாள். படுக்கும் நேரத்தில், தாளை விரிப்பதற்கு முன்பே பிள்ளை "மை" என்று சொல்லக் கற்றிருந்தது.

காலையில் தேர்வறைக்குள் அன்றைய வரிசையில் அவர்களே முதலில் போனார்கள். கதவு மூடிக்கொண்டது. நிறைமதி நீலத்தை விட்டாள். அதன் ஓரத்தில் ஒரு துளி சிவப்பு. மடித்து, நகத்தால் தேய்த்தாள். விரித்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"மை."

"விடை: மை," என்று வெளியே ஒலிபெருக்கி அறிவித்தது. வரிசையில் ஆரவாரம். குமுதவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நன்றி," என்றது கணிப்பான். "இது ஒப்புரு. இதற்குக் காற்று தேவையில்லை. பட்டை நிறுத்தப்படுகிறது."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "அப்ப... எழிலன்?"

"அவன் மனிதன். கறையில் யானையைக் கண்டான். அந்தக் குடும்பத்துக்கு மேல்தளத் தோட்டத்தில் இடம் தரப்பட்டது. அங்கே காற்று மிகுதி. நோக்கத்தை முன்பே சொன்னால் விடையைத் தயாரித்து வருவார்கள் என்பதால் சொல்லவில்லை."

"ஐயோ, இவ நான் பெத்த பொண்ணு!"

"ஒப்புரு வளர்ப்போர் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்."

குமுதவல்லி மகளைப் பிடித்து உலுக்கினாள். "உண்மையச் சொல்லுடி! என்ன பாத்த?"

"அடிக்க மாட்டியே?"

"மாட்டேன்டா, சொல்லு!"

"ரெண்டு பறவ. ஒண்ணு அழுவுது. இன்னொண்ணு அத என்னன்னு கேக்குது."

கணிப்பான் அந்தத் தாளை மறுபடி ஆராய்ந்தது. அதைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது.

"முதல் விடையே கணக்கு," என்றது கடைசியில். "மனிதர் பார்த்துச் சொல்வார்கள். சரியான விடை எதுவென்று தெரிந்துகொண்டு சொல்வது எங்கள் பழக்கம்."

நிறைமதியின் கழுத்தில் பச்சை மஞ்சளாயிற்று. குமுதவல்லி தன் பட்டையைக் கழற்றி மகளுக்கு மாட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

வெளியே யாருக்கும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற பெற்றோர், பிள்ளைகளைக் கடைசியாக ஒருமுறை ஒப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சத்தம் அவ்வளவு பெரிதாக இருந்தது.

"மை! மை! மை!"