உட்கார்ந்து பார்த்த தரை

பத்மாஸினிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் ஓடத் தோன்றியது. எல்லாம் ஒரு தரையால் வந்த வினை.

மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் இருந்த அவர்கள் வீட்டுக்கு மோட்டார் கார் வரப்போகிறது. அப்பா டாக்டர். நோயாளிகளைப் பார்க்கப் போவதற்காகப் பெங்களூரில் ஒரு பழைய காரை விலை பேசி முடித்திருந்தார். ஆயுத பூஜை அன்று கார், கொட்டகையில் மாலையும் சந்தனமுமாக நிற்க வேண்டும். இது பெரியப்பாவின் உத்தரவு.

பெரியப்பா ஆழ்வார் ஐயங்கார் சர்க்கார் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். முதுகு மட்டும் ஓய்வு பெறவில்லை. எப்போதும் நிமிர்ந்தே இருந்தது. அவர் வீதியில் நடந்தால் தலைப்பாகை ஒரு நூல்கூடச் சாயாது. அவர் வாக்கும் அப்படித்தான். சொன்னால் சொன்னதுதான்.

முன்பு ஜட்கா வண்டி நின்ற கொட்டகையைத்தான் காருக்கு ஒழித்தார்கள். அதன் மண் தரை குண்டும் குழியுமாக இருந்தது.

"சிமெண்டு போட்டுடலாமே அண்ணா" என்றார் அப்பா.

கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த கொத்தனார் கரியப்பன் தலையைச் சொறிந்தார். "சாமி, ஒண்ணு சொல்லட்டுங்களா? வண்டி நிக்கற எடத்துக்குச் சொரசொரன்னு கல்லுப் பாவுனா நல்லாருக்குமுங்க."

"எங்க ஆத்திலே சொரசொரன்னு எதுவும் கிடையாது" என்றார் பெரியப்பா. "கூடத்திலே இருக்கற மாதிரி சிவப்புத் தரைதான். குனிஞ்சா மூஞ்சி தெரியணும்."

"காருக்கு எதுக்குப் பெரியப்பா மூஞ்சி தெரியணும்?" என்று கேட்டாள் பத்மா.

அப்பா இருமினார். கரியப்பன் சட்டென்று திரும்பி மணலைப் பார்த்தார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. அதனால் சிவப்புத் தரை என்று முடிவாயிற்று.

கரியப்பனும் ஆட்களும் ஜல்லி போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். மேலே சிமெண்டு பூசினார்கள். அதன்மேல் சிவப்புப் பொடி கலந்த பூச்சைத் தடவி, கரணையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். பிறகு சுற்றிலும் மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள்.

"ஏழு நாளு யாரும் காலு வெக்கப்படாதுங்க" என்றார் கரியப்பன்.

ஏழு நாள்! பத்மா காலையில் போய் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்த்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் பார்த்தாள்.

"நீ பாத்துக்கிட்டே இருந்தா அது வெக்கப்பட்டுக்கிட்டுக் காயாது பாப்பா" என்றார் கரியப்பன்.

எட்டாம் நாள் தண்ணீரை வடித்தார்கள். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தார்கள். தரை மாதுளை முத்துபோல் மின்னியது.

மறுநாள் விடிந்ததும் பத்மா கொட்டகைக்கு ஓடினாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பெரியப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையின் நடுவில் நடந்துகொண்டிருந்தார். குனிந்தார். முகம் தெரிகிறதா என்று பார்த்தார். அவ்வளவுதான். இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் முன்னால் போயின. பெரியப்பா பின்னால் போனார். தொப்!

தலைப்பாகை உருண்டு வந்து பத்மாவின் காலடியில் நின்றது.

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு தொண்டை வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள். தலைப்பாகையை இரண்டு கையாலும் எடுத்து, சுவரைப் பிடித்தபடி மெள்ள நடந்து போய் நீட்டினாள்.

"அடி பட்டுடுத்தா பெரியப்பா?"

"எதுக்கு அடிபடணும்? நான் விழலையே." பெரியப்பா தரையில் இருந்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "தரை சமமா இருக்கான்னு உட்கார்ந்து பார்த்தேன்."

"ஆமாம் பெரியப்பா."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார்.

பத்மாவுக்கு இப்போது இருப்பே கொள்ளவில்லை. அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது போன மாதம்தான். பெரியப்பாவையே தள்ளிய தரை, மழையில் நனைந்து வரும் சக்கரத்தைச் சும்மா விடுமா? கார் நேரே சுவரில் போய் மோதும். சொன்னால் பெரியப்பாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் அப்பாவுக்கே அடிபடும். நாளைக்கு ஆயுத பூஜை. இன்று மத்தியானம் கார் வந்துவிடும்.

அவள் கொல்லைக்கும் வாசலுக்குமாக ஏழு தடவை நடந்தாள்.

"அம்மி கொத்தறதேய்! ஆட்டுக்கல் கொத்தறதேய்!"

வீதியில் குரல் கேட்டது. அம்மி கொத்தும் சென்னம்மா. அம்மா அவளைக் கூப்பிட்டாள். "நவராத்திரிச் சுண்டலுக்குத் தேங்காய் அரைக்கவே முடியலை. அம்மியிலே வழுக்கி வழுக்கி ஓடறது."

சென்னம்மா அம்மியைத் தடவிப் பார்த்தாள். "கல்லு தேஞ்சு போச்சவ்வா. வழவழன்னு இருந்தா காய் எப்படி நிக்கும்? நாலு கொத்து விழுந்தா கப்புன்னு புடிச்சுக்கும்."

டக், டக், டக். உளி பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளி.

பத்மா அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் கூடத்தில் இருந்தாள். அங்கே பெரியப்பா நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்பா. எதிரே கரியப்பன்.

"அப்பா! காலம்பற பெரியப்பா தரையிலே உட்கார்ந்தே பரீட்சை பண்ணினார், தெரியுமா?"

பெரியப்பாவின் விரல்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தன.

"தரை சமமாத்தான் இருக்கு. ஆனா சக்கரத்துக்குப் பிடிப்பு வேணும். கொல்லையிலே சென்னம்மா அம்மி கொத்திண்டிருக்கா. சக்கரம் போற வழியிலே மட்டும் அதே மாதிரி கொத்தச் சொல்லலாமா பெரியப்பா? சிவப்பு அப்படியே இருக்கும். நடுநடுவே கோலப்புள்ளி வெச்சாப்பிலே இருக்கும்."

பெரியப்பா பத்மாவை வெகுநேரம் பார்த்தார்.

"உட்கார்ந்துதான் பார்த்தேன்" என்றார் கடைசியில். "பிடிப்பு போதாது. கொத்தச் சொல்லு."

"நான் போட்ட தரையில அம்மி கொத்தற உளியா!" கரியப்பன் பதறிப்போனார். "ஊருக்குள்ள நான் எப்படீங்க தலை காட்டறது?"

"நீங்கதானே கரியப்பா மொதல்லயே சொரசொரப்பு வேணும்னு சொன்னேள்?" என்றாள் பத்மா. "உங்க பேச்சைத்தான் இப்போ கேக்கறோம்."

கரியப்பன் யோசித்தார். மீசை மெதுவாக மேலே ஏறியது. "அது வாஸ்தவந்தான் பாப்பா. ஆனா கோணல்மாணலாக் கொத்தப்படாது. நூலை நான் புடிக்கறேன்."

நூல் பிடித்து இரண்டு பட்டை அளந்தார். சென்னம்மா உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து கொத்தினாள். உளி பட்ட இடத்தில் அடியிலிருந்த சாம்பல் நிறம் புள்ளியாகத் தெரிந்தது. ஓரத்தில் கேட்காமலே ஒரு மீனும் கொத்தி வைத்தாள். கடைசியில் எல்லாருமாகச் சீயக்காய்த் தூள் போட்டு எண்ணெயைத் தேய்த்துக் கழுவினார்கள்.

"ஜனங்க சனிக்கிழமைதான் எண்ணெய் தேச்சுக் குளிப்பாங்க" என்றாள் சென்னம்மா. "இந்த வீட்டிலே தரைக்கு நித்தமும் குளியல்!"

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழையோடு, பெங்களூர் ஆள் ஓட்டிக்கொண்டு வந்த காரும் வந்தது. வீதியே வாசலில் கூடிவிட்டது. பத்மா தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கூட விடவில்லை.

சக்கரமெல்லாம் சேறு. அப்பா தானே ஏறி உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு காரைக் கொட்டகைக்குள் விட்டார். கார் வழவழப்பில் ஒரு தரம் வாலை ஆட்டியது. சக்கரங்கள் புள்ளிகளின் மேல் ஏறின. கார் கப்பென்று நின்றது. சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

"பலே!" என்றார் கரியப்பன்.

"யாரோட யோசனை, சாமி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

பெரியப்பா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, புள்ளிகளின் மேலேயே கவனமாக அடிவைத்து நடந்து போய்க் காரின் கதவைத் திறந்தார். ஏறவில்லை. திரும்பிப் பார்த்தார்.

"பத்மா, நீ முதல்லே ஏறு" என்றார். "இதையும் நாம ரெண்டு பேருமா உட்கார்ந்து பார்த்துடலாம்."