அவள் கொடுத்த மாத்திரை

மதியம் மழை விட்டதும், கிழவரைக் கைத்தாங்கலாக அவசரப் பிரிவுக்குள் கூட்டி வந்தான் மகன். ஈரச் செருப்புகளின் வாடையும் மருந்து நெடியும் கலந்து கிடந்த கூடம். அவருக்குக் கால் பின்னியது, நாக்கு குழறியது. ஆளில்லாத பக்கமாகத் திரும்பித் திரும்பித் தலையாட்டினார்.

“குடிச்சிருக்கார். ஓரமாப் படுக்க வைங்க,” என்றாள் டாக்டர், வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி.

யாரோ சிரித்தார்கள். மகன் மறுக்கவில்லை. அம்மா போனபிறகு அவன் அப்பாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை; இன்று பக்கத்து வீட்டார் கூப்பிட்டுத்தான் வந்தான். அவர் குடிக்கிறாரா என்பதே அவனுக்குத் தெரியாது. கூனிக்குறுகி நின்றான்.

சாயங்காலம் அந்தக் கட்டிலைக் கடந்தபோதுதான் டாக்டர் அந்த மூச்சைக் கேட்டாள். ஓடி வந்தவர்போல வேகமாக, ஆழமாக. சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. குனிந்து முகர்ந்தாள்.

சாராய வாடை துளியும் இல்லை.

“ஐயா, காது இரையுதா?”

“வண்டு குடையுதும்மா.” கண் எங்கோ இருந்தது. “முதுகு வலின்னு முனகினாப் போதும், மாத்திரையைக் கையில வச்சிடறா. வேணாம்னா கோவிச்சுக்குவா.”

“யாரு?”

“என் வீட்டுக்காரிதான்.”

மகன் முகம் வெளுத்தது. “அம்மா தவறி ஆறு மாசமாச்சு,” என்றான் மெல்ல.

சோதித்ததில், ரத்தத்தில் வலி மாத்திரையான ஆஸ்பிரின் எக்கச்சக்கம். அந்த நஞ்சுதான் புத்தியைக் கலக்கியிருந்தது. அமிலத்தை முறிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அளவு இறங்கியது. காலையில் தெளிந்து, மகனை அடையாளம் கண்டார்.

“நேத்து உங்களைத் தப்பாப் பேசிட்டேன்,” என்றாள் டாக்டர். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நீங்க வேத்தாளு, டாக்டரம்மா. இவனே அப்படித்தானே நெனைச்சான்.”

மகன் அப்பாவின் போர்வையை இழுத்துவிட்டான்.

அடுத்த பரிசோதனையில் அளவு மறுபடி ஏறியிருந்தது.

வயிற்றில் தங்கிய மாத்திரைகள் தாமதமாகக் கரைவதுண்டு, அவள் படித்திருக்கிறாள். இருந்தும் அவரை வாயைத் திறக்கச் சொன்னாள்.

நாக்கின்மேல் பாதி கரைந்த மாத்திரை.

மகன் கட்டிலை விட்டு நகரவேயில்லை. வேறு யாரும் வரவுமில்லை.

“நான் கேக்கலைம்மா,” என்றார் அவர், திருடிப் பிடிபட்ட பிள்ளைபோல. “அவளா வச்சிட்டா.”

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் இணைத்தார்கள். பிழைத்தார். மகன் அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனான்.

அவர்கள் போனபின் டாக்டர் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சுவரோரம் கிடந்த நாற்காலியில் சரிந்தாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“வலிக்குதா கண்ணு?”

ஒரு வயதான பெண்குரல். கனிவாக, மிக அருகில். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே, கை நுழையவும் இடமில்லாத அந்த இடுக்கிலிருந்து.