காசில்டா கையிலிருந்து வாங்கிய சாவி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. குளிர்கிறவர்கள் கணப்புப் பக்கம் தள்ளி உட்காருங்கள். நம் சமோரா ஊரில் ஒரு கல் மாதா காணாமற்போன கதையைச் சொல்கிறேன். யார் எடுத்தது என்று நடுவிலேயே கண்டுபிடித்துவிட்டால், சொல்லாமல் மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை, காலை எட்டு மணி. ஆற்றோரத்துச் சின்னக் கோவிலைத் திறந்த காசில்டா, வடக்குச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கோவில் கட்டிய நாளிலேயே சாந்து வைத்துப் பதித்தது என்று ஊரே நம்பிய மாதா சுரூபம் அங்கே இல்லை. இரண்டு சாண் உயரத்துக்குப் பொந்துதான் இருந்தது. தரையை யாரோ சுத்தமாகக் கூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் எவேலியோ வந்தார். கதவு உடையவில்லை. சன்னல்களோ கையகலப் பிளவுகள். சாவி ஒன்றே ஒன்று. மூன்று தலைமுறையாகக் காசில்டா வீட்டு ஆணியில் தொங்குவது. வெளியாள் யார் பார்க்க வந்தாலும் அவளே திறந்துவிட்டு, அவர்கள் போகும்வரை கூடவே நிற்பாள்.

"இந்த வாரம் வெளியாளுக்கு யாருக்காவது திறந்தீங்களா?"

"ஒருத்தருக்கும் இல்ல."

"சாவிய யாருக்காவது குடுத்தீங்களா?"

"வெளியாளுக்கா? உசுரக் குடுத்தாலும் அதக் குடுக்க மாட்டேன்."

அப்படியானால் இவளேதான் என்று எவேலியோ முடிவுகட்டினார். பத்து மணிக்குத் தெருவே பார்க்க அவள் வீட்டைச் சோதனை போட்டார். கம்பளி மெத்தையைக் கிழித்துக்கூடத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் போகும்போது சாவியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்று ரொட்டிக்கடைக்காரி காசில்டாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதினொரு மணிக்கு, ஊரே மரியாதையாக 'டான்' போட்டு அழைக்கும் டான் ஹெனாரோ காவல்நிலையம் வந்தார். ஊரின் வரலாற்றை எழுதுபவர். அந்தச் சுரூபம் எண்ணூறு வருடப் பழசு என்று முப்பது வருடமாக எழுதிவருகிறவர். மறுநாள் மாலை தலைநகர் மத்ரித்திலிருந்து நிபுணர் ஒருவர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. 'காணவில்லை' அறிவிப்புக்காக டான் ஹெனாரோ அடையாளம் சொன்னார்: மாதாவின் மூக்கு உடைந்தது, குழந்தை கையில் ஆப்பிள், முதுகுப் பக்கம் வழவழவென்று இருக்கும். எவேலியோ எழுதிக்கொண்டார்.

மாலை நான்கு மணி. அறிவிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த எவேலியோவின் விரல் 'முதுகு' என்ற சொல்லில் வந்து நின்றது. தொப்பியை எடுத்துக்கொண்டு காசில்டா வீட்டுக்கு ஓடினார்.

"டான் ஹெனாரோவுக்குச் சாவி குடுத்தீங்களா?"

"அவருக்குக் குடுக்காமயா? வாரத்துல மூணு தடவ வாங்கிட்டுப் போறவரு. நீங்க வெளியாளப் பத்தித்தானே கேட்டீங்க?"

நாலரைக்கு எவேலியோ டான் ஹெனாரோவின் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"சுவத்துக்குள்ள பதிஞ்ச கல்லோட முதுக எவனும் பாத்ததில்ல. பேத்து எடுத்தவனுக்குத்தான் தெரியும். எங்கப்பா கொத்தனாரு, டான் ஹெனாரோ. அந்தக் காலத்துல உள்ள மறையுற பக்கத்தக் கரடுமுரடாக் கொத்தித்தான் விடுவாங்க. வழவழன்னு இருந்தா, அது மெஷின் ரம்பம் அறுத்த கல்லு."

டான் ஹெனாரோ எழுந்து புத்தக அலமாரியைத் திறந்தார். சால்வைக்குள் மாதா இருந்தாள். பழைய காலக் கொத்தனார் தன் கல்லில் செதுக்கும் அடையாளக்குறி பின்னால் இருக்கும், நிபுணரிடம் காட்டலாம் என்று அவர் சாவி வாங்கிய நாலைந்து தடவையும் மெல்ல மெல்லச் சாந்தைச் சுரண்டியிருக்கிறார். கிடைத்தது ரம்பத் தடம். ஐம்பது வருடத்துக்கு முன் கோவிலைப் பழுதுபார்த்தவர்கள் ஊருக்குச் சொல்லாமல் மாற்றி வைத்த கல்.

"எழுதுனதெல்லாம் பொய்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் நிபுணர் வர்றதுக்குள்ள எடுத்து ஒளிச்சேன்" என்றார். "அவ வீட்ட நீங்க சோதன போட்டப்ப சன்னல்லருந்து பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அவர் தலை கவிழ்ந்தது. எவேலியோவுக்கும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மெத்தையைக் கிழித்தது தம் கை அல்லவா?

அன்று மாலையே எவேலியோ சாவியோடு போய்க் காசில்டா வீட்டுக் கதவைத் தட்டினார். காசில்டா வாங்கவில்லை.

"ஊரு பாக்க வாங்குனத ஒளிச்சுக் குடுக்கிறீங்களா, தம்பி? நாளைக்குப் பூசை முடியட்டும்."

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கோவில் வாசலில் கூட்டம். எவேலியோவும் டான் ஹெனாரோவும் தொப்பியைக் கழற்றி நடந்ததை உரக்கச் சொன்னார்கள். எவேலியோ சாவியை நீட்டினார். காசில்டா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மெத்தையைத் தூக்கிவந்து வாசற்படியில் போட்டாள். ஊசியும் நூலும் கொடுத்தாள்.

"தெச்சுட்டுப் போங்க."

தெருவே நின்று பார்க்க, இருவரும் முட்டிபோட்டுத் தைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ரொட்டிக்கடைக்காரி மட்டும் தலை குனிந்து மெதுவாகத் தன் கடைக்குள் போய்விட்டாள்.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் நல்ல சேதியோடே வரட்டும்.